கம்பனி மின்னஞ்சல் சேர்வர் பிறர் ஸ்பாமைச் சுமப்பதைத் தடுப்பது எவ்வாறு? நாற்பதாண்டு விடைகள் பற்றிய ஓர் ஆய்வு

கண்டி மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில், பன்விலைப் பகுதியில் அமைந்துள்ள மடுல்கெல்ல போன்ற தேயிலைப் பிரதேசம் ஒன்றில், தோட்டக் காரியாலயத்துக்கும் கொழும்புக்கும் இடையே நடைபெறும் கடிதப் போக்குவரத்தின் பெரும்பகுதி இன்று மின்னஞ்சலாகிவிட்டது. உற்பத்திக் கணக்கு, புரோக்கருக்குச் செல்லும் இன்வொய்ஸ், தலைமைக் காரியாலயத்துக்குச் செல்லும் சம்பளப் பட்டியல் ஆகிய யாவும் அவ்வழியே போகின்றன; 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்புத் தேயிலை ஏலமே 2020 ஏப்ரலில் கணினிவழி ஏலமாக மாறியபின், மலைநாட்டுத் தோட்டங்கள் மின்னஞ்சலைச் சார்ந்திருக்கும் நிலை மேலும் உறுதிப்பட்டுள்ளது. இத்தகைய சூழ்நிலையில், கம்பனியின் சேர்வர் யாரோ ஒருவருடைய மோசடி அஞ்சல்களை ஆயிரக்கணக்கில் உலகெங்கும் விநியோகிக்கிறது என்று ஏற்பட்டால், அதன் விளைவு வெறும் அவப்பெயரோடு நின்றுவிடுவதில்லை. அந்தச் சேர்வரின் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறுகிறது. புரோக்கருக்கும் வங்கிக்கும் செல்லவேண்டிய நேர்மையான கடிதங்களும் மறுதலிக்கப்படுகின்றன. குற்றம் புரிந்தவன் எங்கோ இருக்க, தண்டனை தோட்டத்தைச் சாருகிறது.

தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், தனக்குச் சம்பந்தமில்லாத மற்றொருவருக்கு விடுக்கும் அஞ்சலை ஒரு கம்பனியின் சேர்வர் சுமக்காதிருக்கச் செய்வது எவ்வாறு என்னும் இவ்வினாவுக்கு, கடந்த நாற்பது ஆண்டுகளில் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றும் தன் காலத்துப் பிரச்சினைக்கு ஓரளவு பரிகாரமாக அமைந்ததோடு, அடுத்த காலத்துப் பிரச்சினைக்கு இடமும் விட்டுச் சென்றது. அவ்விடைகளின் தோற்றத்தையும் வலிமையையும் குறைபாட்டையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாவர்க்கும் சுமந்த காலம்

மின்னஞ்சல் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையை 1982 ஆகஸ்டில் ஜொனதன் போஸ்டல் ஆர்.எஃப்.சி. 821 என்னும் ஆவணத்தில் வகுத்தபோது, பிறர் அஞ்சலைச் சுமந்து செல்வது குற்றமாகக் கருதப்படவில்லை, கடமையாகவே கருதப்பட்டது. எல்லா இயந்திரங்களும் எந்நேரமும் இணைப்பில் இராத அக்காலத்தில், ஓர் இயந்திரம் அடுத்த இயந்திரத்திடம் அஞ்சலை ஒப்படைக்க, அது மற்றொன்றிடம் ஒப்படைக்க, இவ்வாறு கைமாறிக் கைமாறியே கடிதங்கள் சேருமிடம் சேர்ந்தன. இலங்கையிலும் 1990-களின் தொடக்கத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் உருவான மின்னஞ்சல் சேவை, தொலைபேசி இணைப்பின் வழியாக அஞ்சல்களைத் திரட்டிக் கைமாற்றும் அம்முறையையே பின்பற்றியது. பிறர்க்காகச் சுமக்க மறுக்கும் இயந்திரங்களே எங்கும் இருந்திருப்பின், இத்தகைய நாடுகளில் மின்னஞ்சல் அவ்வளவு விரைவில் வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

இந்தப் பரஸ்பர நம்பிக்கையின் பலவீனமும் வெகு முன்னரே தென்பட்டது. 1978 மே மாதத்திலேயே, டிஜிட்டல் எக்குவிப்மென்ட் கோர்ப்பரேஷனைச் சேர்ந்த கேரி துயர்க் என்பவர், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிப் பலருடைய கண்டனத்துக்கு ஆளானார். ஆயினும், அஞ்சலை அனுப்புபவன் தன் சொந்த இயந்திரத்தைக் கொண்டே அனுப்பியவரையில் பழி அவனையே சார்ந்தது. 1990-களின் நடுப்பகுதியில் இணையம் வர்த்தகர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னரோ, எவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் சேர்வர் ஒன்றிடம் ஒரே கடிதத்தையும் ஆயிரம் பெறுநர் முகவரிகளையும் ஒப்படைத்துவிட்டால், விநியோகச் செலவையும் பழியையும் அந்த அந்நியனே ஏற்றுக்கொள்வான் என்பதை ஸ்பாம் வியாபாரிகள் கண்டுகொண்டனர்.

இதற்குப் பின்னரும், யாவர்க்கும் சுமப்பது என்னும் முதல் விடையைக் கைவிட மறுத்தவர்கள் இருந்தனர். எலெக்ட்ரோனிக் ஃபிரொன்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களுள் ஒருவரான ஜோன் கில்மோர், தம்முடைய சேர்வரைத் திறந்தே வைத்திருந்தார். பிரயாணத்திலிருக்கும் நண்பர்கள் அதன் வழியே கடிதம் அனுப்ப உரிமையுடையவர்கள் என்றும், சிலரது துஷ்பிரயோகத்தைக் காரணமாகக் காட்டி யாவருடைய சுதந்திரத்தையும் பறிப்பது நியாயமன்று என்றும் வாதித்தார். அதன் பயனாகத் தம் இணைப்புக் கம்பனியோடு கடும் பிணக்கிலும் சிக்கினார். அவ்வாதத்தில் ஓர் அறவுணர்வு இருப்பதை மறுக்கவியலாது. எனினும், சுமப்பவன் தன் இயந்திரத்தை மாத்திரமன்றி, பெறுபவர்கள் அனைவருடைய இயந்திரத்தையும் நேரத்தையும் தானமாக வழங்குகிறான் என்ற ஆட்சேபணைக்கு அவ்வாதம் நிறைவான சமாதானம் கூறியதாகத் தெரியவில்லை.

அந்நியரை மறுத்தல்

இரண்டாம் விடை மிகத் தெளிவானது: அனுப்புபவனும் நம்மவனல்லன், பெறுபவனும் நம்மவனல்லன் எனின், அஞ்சலை ஏற்காதே என்பது. அக்காலத்தில் மிகப் பரவலாக வழங்கிய சென்ட்மெயில் மென்பொருள், 1998 மே மாதத்தில் வெளிவந்த 8.9 பதிப்பிலிருந்து, நிர்வாகி தானாகத் திறந்துவிட்டாலன்றிப் பிறர் அஞ்சலைச் சுமக்காதவாறு அமைக்கப்பட்டது. 1999 பெப்ரவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2505 இக்கொள்கையைச் சேர்வர்கள் யாவற்றுக்கும் உரிய பரிந்துரையாக்கியது.

இவ்விதி செயற்படும் இடம் மிகச் சிறியது. வெளியிலிருந்து ஓர் இயந்திரம் 25-ஆம் இலக்கப் போர்ட்டில் தொடர்புகொண்டு தன் பெயரைக் கூறுகிறது. பின் 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநரின் முகவரியைத் தருகிறது. அடுத்து 'ஆர்சிபிடி டூ' என்று பெறுநரின் முகவரியைத் தருகிறது. அந்தக் கணத்தில், கடிதத்தின் ஒரு வரியேனும் வந்துசேருவதற்கு முன்னரே, சேர்வர் 250 என்று கூறி ஏற்பதா, 550 அல்லது 554 என்று கூறி மறுப்பதா என்பதைத் தீர்மானித்தாக வேண்டும். அனுப்புநரின் முகவரியை எவரும் பொய்யாகக் கூறலாமாதலால், அதை வைத்து முடிவுசெய்யும் சேர்வர் எளிதில் ஏமாறும். தொடர்புகொண்ட இயந்திரத்தின் ஐ.பி. முகவரியும், அனுப்புநர் கடவுச்சொல்லால் தம்மை நிரூபித்தாரா என்பதும், பெறுநர் நம் டொமேனைச் சேர்ந்தவரா என்பதுமே நம்பத்தக்க ஆதாரங்கள். பெறுநர் முகவரிக்குள் சதவீதக் குறியை இட்டு மற்றொரு முகவரியை ஒளித்துவைக்கும் பழைய தந்திரத்தாலும் பல சேர்வர்கள் ஏமாந்ததுண்டு.

வெளியூரிலிருக்கும் ஊழியர் கம்பனிச் சேர்வரைப் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்விக்கு, 1998 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 2476 தனியொரு போர்ட்டை, அதாவது 587-ஐ, ஒதுக்கியது. 1999 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2554 கடவுச்சொல் கூறி அடையாளம் நிரூபிக்கும் முறையை வகுத்தது. வெளியார் அஞ்சலை ஏற்கும் வழி வேறு, நம்மவர் அஞ்சலை ஒப்படைக்கும் வழி வேறு என்னும் இப்பிரிவினையே, இவ்வாய்வில் நாம் காணும் விடைகளுள் மிக நிலையான பலனைத் தந்தது என்று கூறலாம்.

தடைப்பட்டியல் என்னும் தண்டனை

விதி வகுத்தால் போதாது, மீறுபவனுக்குத் தண்டனையும் வேண்டும் என்று கருதியோர் மூன்றாம் விடையை உருவாக்கினர். 1997-இல் போல் விக்ஸி முதலியோர் தொடங்கிய மாப்ஸ் பட்டியலும், 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் நிறுவனமும், ஸ்பாம் விநியோகிக்கும் முகவரிகளைத் திரட்டி, எந்தச் சேர்வரும் நொடியில் கேட்டறியக்கூடிய வடிவில் வெளியிட்டன. அசட்டையான நிர்வாகிகளைத் திருத்தியதில், அறிவுரைகளைவிட இப்பட்டியல்களே அதிகம் சாதித்தன என்ற அபிப்பிராயம் பலருக்கும் உண்டு.

ஆனால் தண்டிப்பவனைக் கண்காணிப்பவர் யார் என்ற கேள்வியும் உடனே எழுந்தது. நியூசிலாந்திலிருந்து அலன் பிரவுன் நடத்திய ஓர்ப்ஸ் பட்டியல், அனுமதி பெறாமலே பிறர் சேர்வர்களைச் சோதித்தமையால் கடும் கண்டனத்துக்கும் வழக்குகளுக்கும் உள்ளாகி 2001-இல் மறைந்தது. டென்மார்க்கிலிருந்து இயங்கிய ஓ.ஆர்.டி.பி. பட்டியலோ, திறந்த சேர்வர்கள் அருகிவிட்டன, தன் பணி முடிந்தது என்று அறிவித்து 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பின்னரும் எத்தனையோ நிர்வாகிகள் தம் சேர்வரின் அமைப்பிலிருந்து அதன் பெயரை நீக்காமலே இருந்தனர். 2008 மார்ச்சில் அப்பட்டியல், வினவப்பட்ட முகவரிகள் அனைத்துக்கும் குற்றவாளி என்றே விடையளிக்கத் தொடங்கியபோது, அவர்களுக்கு வரவேண்டிய நல்ல கடிதங்கள் யாவும் திருப்பி அனுப்பப்பட்டன. பிறரது தீர்ப்பை வாங்கிப் பயன்படுத்துபவன், அத்தீர்ப்பு இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதையும் காலந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டியவனாகிறான்.

இப்பட்டியல்களின் மற்றொரு பாரபட்சம் எம்மைப் போன்ற பிரதேசங்களையே அதிகம் பாதிக்கிறது. சாதாரண இணைப்புகளுக்குரிய, அடிக்கடி மாறும் முகவரிகளிலிருந்து நேரடியாக வரும் அஞ்சலை ஏற்கவேண்டாம் என்று கூறும் பட்டியலொன்றை ஸ்பாம்ஹவுஸ் 2007-இல் வெளியிட்டது. அக்கொள்கைக்கு நியாயம் உண்டு. ஆயினும் நிலையான முகவரியொன்றை மாதக் கட்டணம் செலுத்தி வாங்க வசதியற்ற மலைநாட்டுச் சிறு ஸ்தாபனம், தவறேதும் செய்யாமலே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது.

நம்மவர் என்னும் நம்பிக்கை

திறந்த சேர்வர்கள் அருகிய காலத்திலும் ஸ்பாம் குறையவில்லை. ஏனெனில் தாக்குபவன் அந்நியனாக வருவதை விடுத்து, நம்மவன் வேடத்தில் வரலானான். 2003-இல் பரவிய சோபிக் போன்ற வைரஸ்கள், சாதாரண மக்களின் கணினிகளையே ஸ்பாம் சுமக்கும் கருவிகளாக மாற்றின. 2008 நவம்பரில் கலிபோர்னியாவைச் சேர்ந்த மக்கோலோ என்னும் ஒரே கம்பனியின் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலக ஸ்பாமில் பாதிக்கும் மேல் சில நாட்கள் மறைந்துபோனமை, அக்கணினிப் படைகள் எவ்வளவு பெரியவை என்பதையும், அவற்றை ஏவியவர்கள் எவ்வளவு சிலர் என்பதையும் ஒருங்கே காட்டியது.

நம்மவன் வேடத்துக்கு இடமளிக்கும் குறை இன்றைய காரியாலயங்களில் தோன்றும் விதங்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, ஸ்கேன் செய்த ஆவணத்தைத் தானே மின்னஞ்சலாக அனுப்பும் போட்டோகொப்பி இயந்திரம். கடவுச்சொல் கூறத் தெரியாத அந்தப் பழைய இயந்திரம் ஒன்றுக்காக, நிர்வாகி அதன் ஒற்றை முகவரிக்கு மட்டும் அனுமதி தராமல், காரியாலயத்தின் உள்வலையமைப்பு முழுவதற்கும் அனுமதி தந்துவிடுகிறார். பின்னர் அதே வலையமைப்பில் வைரஸ் புகுந்த ஒரு மடிக்கணினி, எவரும் கேளாமலே சேர்வரைப் பயன்படுத்துகிறது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் தொடர்பின் முகவரியை மாற்றி, தன்னுடைய முகவரியை அணிவித்து உள்ளே அனுப்பும் ஃபயர்வோல். சேர்வரின் கண்ணுக்கு உலகம் முழுவதும் உள்வீட்டவராகத் தோன்ற, 1998-இல் மூடப்பட்ட வழி மீண்டும் திறந்துவிடுகிறது. மூன்றாவதும் மிகப் பரவலானதும், திருடப்பட்ட கடவுச்சொல். 587-ஆம் போர்ட்டில் சரியான பெயரும் சரியான கடவுச்சொல்லும் கூறுபவன், நள்ளிரவில் ஒரு மணி நேரத்தில் 3,000 பேருக்கு எழுதும்போதும், விதிப்படி அவன் நம்மவனே. தோட்டத்துக் கடிதப்பையைச் சுமந்துவரும் தப்பால்காரர் முகம் தெரிந்தவர் என்பதற்காகவே பையில் யாருடைய கடிதம் இருக்கிறது என்று பாராதிருப்பது போன்றது இந்நிலை.

இதற்குக் கூறப்படும் பரிகாரங்கள் ஆரவாரமற்றவை: ஒவ்வொருவரும் மணிக்கு எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்ற வரம்பு, கடவுச்சொல்லோடு இரண்டாம் சான்று, உள்வலையமைப்புக்கு நம்பிக்கையளிக்காமை, வெளிச்செல்லும் வரிசை திடீரெனப் பெருகினால் எச்சரிக்கை, லொக் கோப்பை அன்றாடம் ஒருவர் பார்த்தல். இவற்றின் குறைபாடு தொழில்நுட்பத்திலன்று, ஆளிலேதான் உள்ளது; பார்ப்பதற்கு ஒருவரை நியமிக்காத காரியாலயத்தில் இவற்றுள் ஒன்றும் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

அடையாளச் சான்றுகளும் அவற்றின் அஸ்திவாரமும்

நான்காம் விடை, டொமேனின் உரிமையாளரே தன் அஞ்சலுக்குச் சான்றளிக்க வேண்டும் என்பது. எந்த முகவரிகள் என் பெயரால் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். 2006-இலும், கடிதத்தில் மறைகுறி ஒப்பமிடும் டி.கே.ஐ.எம். 2007-இலும், இவ்விரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் டிமார்க் 2015-இலும் ஆவணங்களாயின. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பெருந்தொகையாக அனுப்புவோரிடம் இம்மூன்றையும் கோரத் தொடங்கியதிலிருந்து, நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புவோருக்கு இது விருப்பத்தின் பாற்பட்டதன்று.

இச்சான்றுகளுக்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒன்று, நேர்மையாகக் கைமாற்றப்படும் கடிதத்திலும் எஸ்.பி.எஃப். தவறிவிடுகிறது; அதைச் சீர்செய்ய 2019-இல் வந்த ஆர்க் முறை இன்னும் முழுப் பரிகாரமாகவில்லை. இரண்டு, சான்றளிக்கும் சேர்வரே அந்நியனைச் சுமக்குமாயின், சான்று ஸ்பாமுக்குக் கவசமாகிவிடும்: 2024-இல் புரூஃப்பொயின்ட் நிறுவனத்தின் சேவையில் இருந்த அமைப்புத் தளர்வொன்றின் வழியாக, புகழ்பெற்ற கம்பனிகளின் மெய்யான ஒப்பத்தோடு நாள்தோறும் சராசரியாக 30 இலட்சம் போலி அஞ்சல்கள் வெளியேறியதாகக் கார்டியோ ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். மூன்று, இச்சான்றுகள் யாவும் டொமேன் பெயர் அமைப்பு மெய்யானது என்ற அஸ்திவாரத்தின்மீது நிற்கின்றன. 2021 பெப்ரவரி 6-ஆம் திகதி இலங்கையின் .எல்கே டொமேன்கள் சில திசைதிருப்பப்பட்டு, தேயிலைத் தொழிற்றுறையின் பிரச்சினைகள் உட்படப் பல சமூகப் பிரச்சினைகளை எடுத்துரைக்கும் பக்கமொன்றுக்குப் பயனர்கள் அனுப்பப்பட்டமை, அவ்வஸ்திவாரமும் அசையக்கூடியதே என்பதை எமக்கு அருகிலிருந்தே உணர்த்தியது.

விலையும் சட்டமும்

தொழில்நுட்பத்துக்கு வெளியேயும் விடைகள் தேடப்பட்டன. ஒவ்வொரு கடிதத்துக்கும் அனுப்புபவனின் கணினி ஒரு கணக்கைச் செய்தாக வேண்டும் என்று சிந்தியா டுவொர்க்கும் மோனி நாவோரும் 1992-இல் முன்மொழிந்தனர். 1997-இல் அடம் பேக் அதை ஹாஷ்கேஷ் என்னும் வடிவாக்கினார். ஸ்பாம் வியாபாரி திருடிய கணினிகளைக் கொண்டே கணக்கிடுவான், நேர்மையானவனே விலை கொடுப்பான் என்று பென் லோரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் 2004-இல் வாதிட்டனர். அதே 2004 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளில் ஸ்பாம் தீர்ந்துவிடும் என்று பில் கேட்ஸ் கூறியதைக் காலம் மெய்ப்பிக்கவில்லை.

சட்டத்தின் வழியும் சிக்கலற்றதன்று. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 66ஏ பிரிவு, தொந்தரவு தரும் அல்லது தோற்றுவாயை மறைக்கும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியது. ஆனால் அதன் பரந்த சொற்கள் பேச்சுரிமையைப் பாதித்தமையால் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் அப்பிரிவு முழுவதையும் செல்லாததாக்கியது. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியற்ற நுழைவைத் தண்டிக்கிறது. 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விளம்பரச் செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. இவை அனுப்புபவனை நோக்கியவை. அசட்டையாகச் சுமந்த கம்பனியின் பொறுப்பு எவ்வளவு என்பதில் தெளிவு போதாது.

சொந்தச் சேர்வரா, பிறர் சேர்வரா?

இச்சிரமங்களைக் கண்டு, சொந்தச் சேர்வரையே கைவிட்டுப் பெருங்கம்பனிகளிடம் அஞ்சலை ஒப்படைத்துவிடுவதே விவேகம் என்போர் இன்று பெரும்பான்மையினர். பராமரிப்பற்ற சேர்வரின் ஆபத்தை 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கமே அனுபவித்தது: காலங்கடந்த எக்ஸ்சேஞ் 2013 பதிப்பில் இயங்கிய அரசாங்க மின்னஞ்சல் அமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலுக்குள்ளாகி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான தரவுகளை இழந்தது, ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அது ஸ்பாம் சுமந்த சம்பவம் அன்றாயினும், புதுப்பிக்கப்படாத சேர்வர் எவ்வகைத் தீங்குக்கும் உறைவிடமாகும் என்ற பொது உண்மையை நிறுவுகிறது.

எதிர்த்தரப்பாரின் வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. உலகின் கடிதங்கள் சில கம்பனிகளின் கையில் திரளுமாயின், எது ஏற்கத்தக்கது என்பதை அவையே தீர்மானிக்கும். சிறியவர் முறையிட இடமிராது. மேலும், பெருங்கம்பனியிடம் சென்றாலும் திருடப்பட்ட கடவுச்சொல் திருடப்பட்டதே. ஆபத்து இடம் மாறுகிறதேயன்றி மறைவதில்லை.

மதிப்பீடு

இவ்விடைகளை ஒருசேர நோக்கும்போது, அந்நியன் அந்நியனுக்கு எழுதுவதைச் சுமக்காதிருப்பது எவ்வாறு என்ற பழைய வினா ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது எனலாம். தீராதிருப்பது, நம்மவன் என்று ஏற்கப்பட்டவன் மெய்யாகவே நம்மவன்தானா என்னும் வினா. கடவுச்சொல், ஒப்பம், பட்டியல் ஆகிய யாவும் ஒரு கணத்து அடையாளத்தை நிறுவுகின்றனவேயன்றி, அதன் பின்னான நடத்தையைக் காப்பதில்லை. சுமந்தவனின் சட்டப் பொறுப்பு, தடைப்பட்டியல்களுக்கு எதிராகச் சிறு ஸ்தாபனங்கள் முறையிடும் வழி, சில கம்பனிகளிடம் அஞ்சல் திரள்வதன் விளைவு ஆகிய மூன்றும் இன்னும் விவாதத்துக்குரியவையாகவே உள்ளன.

எனினும் இவ்விவாதங்கள் முடியும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் எந்தக் கம்பனிக்கும் இல்லை. உள்ளே வரும் ஸ்பாமைத் தடுக்கச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையேனும் வெளியே செல்லும் அஞ்சலின்மீது செலுத்துவதும், அதற்குப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பதும், அவர் வாரம் ஒருமுறை வெளியிலிருந்து தம் சேர்வரைச் சோதித்துப் பார்ப்பதும், பெரிய முதலீடு எதையும் வேண்டாத கடமைகள். பிறருடைய அஞ்சல்பெட்டியை நம்முடைய அசட்டையிலிருந்து காப்பாற்றுவது, இணையத்தில் ஒரு கம்பனி தன் அயலாருக்கு ஆற்றவேண்டிய முதற்கடமை. மடுல்கெல்லயில் ஐந்து கணினிகள் உள்ள தோட்டக் காரியாலயமாயினும், கொழும்பில் ஐயாயிரம் ஊழியர் உள்ள தலைமைக் காரியாலயமாயினும், அக்கடமை ஒரே அளவினது.